பாரம் ஏற்றியவனுக்கும் ஞாபகம் உண்டு

பழைய காலத்தை நினைத்து ஏங்குகிற பழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. ஊருக்குள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று பேசுவார்கள். தெருவில் நின்று அதைக் கேட்டுவிட்டு வருகிற அப்பா வீட்டுக்கு வந்ததும் சொல்வார்: "அவுகளுக்கு அது நல்ல காலம்டா. நமக்கு என்னத்த இருக்கு அங்க, திரும்பிப் போறதுக்கு?"

அப்பா சொன்னது சரி என்றுதான் ஐம்பது வயது தாண்டும் வரைக்கும் நினைத்திருந்தேன். விமானம் ஓட்டியவர்கள் மூன்று பேர் ஒரு மேடையில் உட்கார்ந்து தங்கள் பழைய காலத்தைப் பேசியதைக் கேட்ட அன்றுதான், எனக்குள்ளும் அப்படி ஓர் ஏக்கம் கிடப்பது தெரிந்தது. அதை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஊர் காமயகவுண்டன்பட்டி. கம்பத்துக்குப் பக்கம். பேரைச் சுருக்கி கே.கே.பட்டி என்பார்கள். நான் பிறந்தபோது மதுரை மாவட்டம். 1996க்குப் பிறகு தேனி மாவட்டம். 1895ல் பெரியாறு அணை முடிந்து தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பிய பிறகு பள்ளத்தாக்கே பச்சை. அந்தப் பச்சை எங்களுடையது இல்லை. அப்பா திராட்சைத் தோட்டத்தில் கூலி. பந்தலுக்கு அடியில் கழுத்தை மடக்கிக்கொண்டே நின்று கொத்தறுப்பார், மருந்தடிப்பார். மயில்துத்தத்தின் நீலம் அவர் நகக்கண்ணை விட்டுப் போனதே இல்லை. அம்மா ஏலத்தோட்டத்துக்குப் போவார். விடியக்காலம் நாலரைக்கு ஜீப் வரும். கம்பம்மெட்டு வழியாக மலை ஏறி வண்டன்மேட்டுப் பக்கம் போகும். எட்டுப் பேர் உட்காருகிற ஜீப்பில் இருபது பேரை அடைப்பாய்ங்க. ஏற்றுகிறவன் தலையைத்தான் எண்ணுவான். எடை என்ன, வண்டி தாங்குமா என்று எவனும் கேட்டதில்லை. வண்டி கவிழ்ந்தால் பேப்பரில் மறுபடியும் தலை எண்ணிக்கைதான் வரும்.

பிளஸ் டூ முடித்துவிட்டு நானும் தோட்டத்தில்தான் நின்றேன். 1989 செப்டம்பரில் போடிப் பக்கம் மீனாட்சிபுரத்தில் பிடித்த சாதிக் கலவரம் அந்த வட்டாரம் முழுக்கப் பரவியது. உயிர்கள் போயின. குடிசைகள் எரிந்தன. எங்கள் தெருவுக்குத் தீ வரவில்லை, பயம் வந்தது. ராத்திரியில் ஆண்கள் முறை வைத்து விழித்திருந்தார்கள். ஒரு விடியலில் அப்பா என்னை எழுப்பி, "இங்கிட்டு இருந்தா உனக்கும் கழுத்து மடங்கிப் போகும். எங்கிட்டாவது போயிப் பிழைச்சுக்க" என்றார். கையில் நூற்றிருபது ரூபாய் கொடுத்தார். அது யாரிடம் வாங்கிய கடன் என்று எனக்குத் தெரியும். அந்தக் கடனைப் பிறகு நான்தான் அடைத்தேன்.

மெட்ராஸில் தெரிந்த ஓர் அண்ணன் மூலமாக, விமானங்களுக்குப் பாரம் ஏற்றி இறக்க ஆள் விடுகிற ஓர் ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தேன். பல கம்பெனிகளுக்கும் ஆள் விட்டவர் அவர். அவர் பேர் இங்கே வேண்டாம். 1990 தொடக்கம். நாளைக்கு இருபது ரூபாய் சொச்சம், மேஸ்திரி பிடித்தது போக.

மேஸ்திரி எங்கள் மாவட்டத்துக்காரர். முதல் நாளே "கம்பம் பக்கம்னா எந்த ஊரு? ஊருல எந்தத் தெரு?" என்றார். தெருவைச் சொன்னேன். அன்று மத்தியானம் தண்ணீர்ப் பானைக்குப் போனபோது, "நீ மோளாத, நான் ஊத்துறேன்" என்று சொம்பைப் பிடுங்கிக்கொண்டார். கையை ஏந்திக் குடித்தேன். ஐநூறு கிலோமீட்டர் தாண்டி வந்திருந்தேன். சொம்பு எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

எங்கள் கும்பலில் எனக்கு விழுந்தது சின்ன விமானங்கள். பெரிய ஜெட்டுக்கு ஆள் அதிகம் வேண்டும், மேல்வரும்படியும் உண்டு. சின்ன விமானத்துக்கு இரண்டு பேர் போதும். யாரும் விரும்பாத வேலை, அதனால் எனக்கு வந்தது. அந்த விமானம்தான் டோர்னியர் 228.

பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். ஜெர்மன்காரர்கள் வடிவமைத்தது. பிறகு நம் நாட்டில் கான்பூரில் எச்.ஏ.எல். உரிமம் வாங்கிச் செய்தது. இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும். இரண்டு பக்கமும் காற்றாடி எஞ்சின். உள்ளே 19 பேர். நடுவில் ஒரு நடை, இந்தப் பக்கம் ஒற்றை ஸீட், அந்தப் பக்கம் ஒற்றை ஸீட். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜன்னல். எவனும் எவன் பக்கத்திலும் ஒட்டி உட்கார வேண்டியதில்லை. நம்ம ஊர்க்காரர்களுக்கென்றே செய்தது போல இருக்கிறதே என்று அந்த வயதில் எனக்குள் சிரித்துக்கொண்டேன். ஆளும் எண்ணெயும் பெட்டியும் எல்லாமாகச் சேர்ந்து ஆறு டன் அளவுக்குள் அடங்க வேண்டும். அந்தக் கணக்கு தப்பக் கூடாது.

அங்கேதான் என் வேலை. பெட்டி வைக்க மூக்குப் பக்கம் ஓர் அறை, வால் பக்கம் ஓர் அறை. பின்னால் கனம் கூடினால் வால் தாழும். பறக்கும்போது மூக்கு தானாக மேலே தூக்கப் பார்க்கும், ஓட்டுகிறவர் அதை அமுக்கிக்கொண்டே போராட வேண்டும். முன்னால் கூடினால் மூக்கு எழும்ப அடம் பிடிக்கும். அதனால் எந்தப் பெட்டி எங்கே என்பது தாளில் எழுதி வரும். தாள் வந்தாலும் கை அறிய வேண்டும். இரண்டு மாசத்தில் தராசு பார்க்காமலே பெட்டியைத் தூக்கியதும் பதினெட்டு கிலோவா, இருபத்தி மூணா என்று சொல்லிவிடுவேன். கனத்த ஆட்கள் பின்னால் கூடிவிட்டால் கேப்டன் வந்து, "சார், நீங்க கொஞ்சம் முன்னாடி வாங்க" என்பார். கலெக்டரானாலும் எழுந்து போக வேண்டும். எங்கள் ஊரில் ஒருவன் எங்கே உட்காரலாம், எங்கே நிற்கணும் என்று பிறப்பு சொல்லும். இந்த விமானத்தில் எடை சொல்லியது. எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. அந்த விமானத்தின் மேல் பிரியம் வைத்ததற்குக் காரணம் அதுதான் என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

பிரியத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அந்த எஞ்சினின் சத்தம். ஜெட்டின் சத்தம் இடி மாதிரி உருண்டு போகும். டோர்னியர் எஞ்சின் தரையில் நிற்கும்போதே ஊசி மாதிரி கீச்சிடும். எஞ்சினும் காற்றாடியும் ஒரே தண்டில் பூட்டியது. நிற்கிற நேரத்திலும் வேகம் குறைவதில்லை, அதனால் அந்தக் கீச்சு. ஓட்டுகிறவர்களுக்குக் காதில் ஹெட்போன். சைகை காட்டுகிறவருக்குக் காதுமூடி. எங்களுக்குக் கேட்டபோது மேஸ்திரி, "பஞ்சு வச்சுக்கங்கடா" என்றார். பஞ்சும் நாங்களே வாங்கிக்கொள்ள வேண்டும்.

கேப்டன்களில் ஒருவர் எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவார். மற்றவர்களுக்கு நாங்கள் டிராலி மாதிரி. இவர் ஒருநாள் இறங்கி வந்து, "இன்னிக்கு யாருப்பா லோடு பண்ணது?" என்று கேட்டார். ஏதோ தப்பாகிவிட்டது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். "இவன் ஏத்தினா ப்ளேன் நேரா நிக்குதுய்யா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அதற்கு முன்னால் என் வேலையை யாரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அப்பா முப்பது வருஷம் மருந்தடித்தார். அவர் அடித்த பந்தலில் நோவு விழாது என்று ஊருக்கே தெரியும். ஒருத்தர் வாயிலிருந்தும் அது வந்ததில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்போதெல்லாம் இப்படிச் சின்ன விமானம் ஓட்டியவர்களின் கதை தனிக் கதை. 1981 ஜனவரியில் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து வாயுதூத் என்று ஒரு கம்பெனியைத் தொடங்கின. ரயிலும் ரோடும் சரியாகப் போகாத வடகிழக்கு மாநிலங்களுக்கென்று தொடங்கியது. பிறகு நாடு முழுக்கச் சின்ன ஊர்களுக்கு விரிந்தது. தமிழ்நாட்டில் நெய்வேலிக்கும் தஞ்சாவூருக்கும்கூடப் பறந்தது. ஆள் ஏறாத ஊர்களுக்கும் பறந்ததில் நஷ்டம் ஏறிப்போய், 1993ல் இந்தியன் ஏர்லைன்ஸோடு அதை இணைத்தார்கள். சின்ன விமானங்களுக்கு வேலை குறைந்தது. அதற்குள்ளேயே ஒப்பந்தக்காரர் என்னைக் கணக்குத் தீர்த்துவிட்டார். நான் தபால் வழியில் படித்தேன். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி மெட்ராஸில் நடந்த கூட்டங்களில் வாங்கிய புத்தகங்களைப் படித்தேன். தேர்வு எழுதினேன். அரசாங்க அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகப் போனேன். இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

டோர்னியரை மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். 2004ல் காதில் எந்நேரமும் ஒரு கீச்சு இருக்கிறதே என்று பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா சோதித்துவிட்டு, "மில்லுல வேலை பாத்தீங்களா?" என்று கேட்டார். "இல்ல, ஏரோப்ளேன்ல" என்றேன். நான் கேலி பண்ணுகிறேன் என்று அவர் முகம் சுருங்கியது.

2023ல் அக்கா மகள் அவள் படிக்கிற கல்லூரிக்கு என்னைக் கூப்பிட்டாள். அவள் விமானப் பொறியியல் படிக்கிறாள். எங்கள் தெருவில் பெண்பிள்ளை அந்தப் படிப்புக்குப் போனது அவள்தான். ஓய்வுபெற்ற விமானிகள் மூன்று பேர் வந்து பேசுகிறார்கள், சின்ன விமானம் ஓட்டியவர்கள், "மாமா, நீங்க வந்தே ஆகணும்" என்றாள்.

போனேன். மேடையில் இருந்த மூன்று பேரில் ஒருவரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தலை நரைத்திருந்தது, உடம்பு சுருங்கியிருந்தது. ஆனால் அந்த நிற்கிற தோரணை அதேதான். 'நேரா நிக்குது' என்று சொன்ன கேப்டன்.

அவர்கள் பேசியதை நான் குறை சொல்ல மாட்டேன். நன்றாகப் பேசினார்கள். பின்னால் போயிங்கும் ஏர்பஸ்ஸும் ஓட்டியவர்கள்தான் மூன்று பேரும். முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் ஆட்டோ பைலட்டைப் போட்டுவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வருஷங்களைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை. டோர்னியர் என்றதும் மூன்று பேருக்கும் முகம் மாறியது. காற்றழுத்தம் அடைக்காத விமானம், அதனால் மேகத்துக்கு மேலே ஏறித் தப்பிக்க முடியாது; அதற்குள்ளேயே புகுந்து வர வேண்டும். ஆடி மாசக் காற்றில் கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை ஏறி இறங்குவார்கள். கீழே ஆற்றைப் பார்த்து, ரயில் பாதையைப் பார்த்து வழி பிடிப்பார்கள். தஞ்சாவூர் வந்துவிட்டது என்பதைக் கருவி சொல்வதற்கு முன்னால் பெரிய கோயில் விமானம் சொல்லிவிடும், நெய்வேலிக்குச் சுரங்கக் குழி சொல்லிவிடும் என்றார் ஒருவர். பயணிகள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துப் பேசுவார்களாம். 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்ததற்குப் பிறகு விமானி அறைக் கதவு உலகம் முழுக்கப் பூட்டிக்கொண்டது. அதற்கப்புறம் பயணிகளின் முகமே தெரியாது என்றார்.

ஜே.ஆர்.டி. டாட்டாவைப் பற்றியும் சொன்னார்கள். 1932 அக்டோபர் 15ல் தபால் மூட்டையோடு கராச்சியிலிருந்து பம்பாய்க்குச் சின்ன விமானத்தை ஓட்டி வந்தவர். ஐம்பது வருஷம் கழித்து 1982ல், எழுபத்தெட்டு வயதில், அதே மாதிரிப் பழைய ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றைத் தனியாக ஓட்டிக்கொண்டு அதே வழியில் மறுபடியும் வந்தார். கம்பெனிக்கு எத்தனையோ ஜெட் இருந்தபோதும் அவருக்கு அந்தப் பொம்மை விமானம்தான் வேண்டியிருந்தது என்று கேப்டன் சொன்னபோது மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன். தபால் மூட்டையைக் கராச்சியில் ஏற்றியது யார் என்று தட்டிக்கொண்டே யோசித்தேன்.

செத்துப்போனவர்களையும் நினைத்தார்கள். 1989 செப்டம்பரில் புனே பக்கம் ஒரு டோர்னியர் விழுந்து 11 பேர் போனார்கள். அதைச் சொல்லும்போது கேப்டனுக்குக் குரல் உடைந்தது. அந்த செப்டம்பர் எனக்கு வேறு. அதே மாதம்தான் எங்கள் தெருவில் முறை வைத்து விழித்திருந்தோம். ஒரே மாதத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சுமந்துகொண்டு ஒரே மண்டபத்தில் இருந்தோம். அவருடைய செப்டம்பரைக் கேட்க அங்கே முந்நூறு பேர் இருந்தார்கள்.

அப்புறம் சிரிப்புக் கதைகள். மெட்ராஸில் விமானம் நிற்கிற இடத்தருகே ஒரு நாய் இருந்ததாம். டோர்னியர் சத்தம் கேட்டால் மட்டும் ஓடி வருமாம், ஜெட்டுக்கு வராதாம். "அதுக்குப் பேரு மணி" என்றார் கேப்டன். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாயை எனக்கும் தெரியும். மணி என்று பேர் வைத்தது நாங்கள். டோர்னியருக்கு ஓடி வந்ததற்குக் காரணம், அதற்குச் சோறு போட்டவர்கள் டோர்னியருக்கு வேலை செய்தவர்கள் என்பதுதான். முப்பத்து மூன்று வருஷம் கழித்து மேடையில் நாய்க்குப் பேர் இருந்தது. சோறு போட்ட கைக்குப் பேர் இல்லை. கேப்டனை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. நல்லவர்களின் ஞாபகத்திலும் இவ்வளவு பெரிய ஓட்டை இருக்கிறது என்பதுதான் சங்கதி.

கேள்வி நேரத்தில் அக்கா மகள் எழுந்துவிட்டாள். நான் கையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. "சார், அந்த ப்ளேனுக்கு லோடு ஏத்தினவங்களப் பத்தி யாருமே சொல்லலையே. எங்க மாமா ஏத்தினவரு. இங்கதான் இருக்காரு" என்றாள். மண்டபம் திரும்பிப் பார்த்தது. எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

கூட்டம் கலைந்ததும் கேப்டனே தேடி வந்தார். "சார், நீங்கதானா?" என்றார். 1990ல் 'யப்பா', 2023ல் 'சார்'. நடுவில் நான் என்ன ஆனேன் என்று அவருக்குத் தெரியாது; சட்டையைப் பார்த்துச் சொன்னதுதான். நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்கிற காதைத் திருப்பினோம். அவர் காதில் மெஷின் இருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, "டோர்னியர் குடுத்த பரிசு" என்று சிரித்தார். "எனக்கும்தான் சார்" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"உங்களுக்குக் காதுமூடி தரலையா?"

"பஞ்சு வச்சுக்கச் சொன்னாங்க சார்."

விமானிகளுக்கு உரிமம் புதுப்பிக்க அவ்வப்போது மருத்துவச் சோதனை உண்டு. கண், நெஞ்சு, காது எல்லாம் பார்ப்பார்கள். அவர் காது எந்த வருஷம் எவ்வளவு குறைந்தது என்று காகிதம் இருக்கிறது. எனக்கு எந்த நாளில் குறைந்தது என்பதற்கு ஒரு துண்டுத் தாளும் இல்லை. நான் அங்கே வேலை பார்த்தேன் என்பதற்கே இல்லை. மேஸ்திரியின் நோட்டில் 'ஆள் 2' என்றுதான் இருக்கும்.

"உங்க லாக் புக்ல அந்த நாளெல்லாம் இருக்குமா சார்?" என்று கேட்டேன். ஒவ்வொரு விமானியும் பறந்த ஒவ்வொரு மணி நேரத்தையும் எழுதி வைக்கிற நோட்டு அது. தேதி, விமானத்தின் எண், எங்கிருந்து எங்கே, எத்தனை நிமிஷம் என்று எழுதுவார்கள். அது இல்லாவிட்டால் அடுத்த வேலைக்குப் போக முடியாது. "எல்லாம் வீட்ல இருக்கு. ஒண்ணு விடாம இருக்கு" என்றார். பிறகு அவரே, "ஆனா உங்க பேரு இருக்காது" என்றார். உள்ளதைச் சொன்னார்.

நான் விடவில்லை. "'இவன் ஏத்தினா ப்ளேன் நேரா நிக்குது'ன்னு ஒருநாள் சொன்னீங்க" என்றேன்.

யோசித்தார். ஞாபகம் வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வந்த மாதிரி நடிக்கவும் இல்லை. "எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா சொல்லியிருந்தா சரியாத்தான் ஏத்தியிருப்பீங்க. இந்த விஷயத்துல நான் சும்மா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது மனசு ஒரு நிலையில் இல்லை. சொம்பைப் பிடுங்கிய கை, பஞ்சு, கீச்சு, இவ்வளவும் இருந்தும் அந்த விமானத்தை எனக்குப் பிடித்திருந்தது. கலெக்டரை எழுப்பி முன்னால் உட்கார வைத்த அந்த எடைக் கணக்கு பிடித்திருந்தது. கையில் தூக்கியதும் இத்தனை கிலோ என்று தெரிந்த அந்த அறிவு பிடித்திருந்தது. ஏங்கினால் அடிமைக் காலத்துக்கு ஏங்குகிறேன் என்று ஆகிவிடுமோ என்று இத்தனை வருஷம் பயந்திருக்கிறேன். இப்போது பிரித்துப் பார்க்கிறேன். சொம்பு மேஸ்திரியுடையது, பஞ்சு ஒப்பந்தக்காரருடையது. அந்தக் கை அறிவு என்னுடையது. அதை நினைத்து நான் ஏன் ஏங்கக் கூடாது? அப்பாவுக்கும் பந்தலடியில் அப்படி ஒன்று இருந்திருக்கும். கேட்க ஆள் இல்லாததால், திரும்பிப் போக அங்கே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். வேலையில் தேர்ச்சி உள்ளவனுக்கெல்லாம் அந்த ஏக்கம் உண்டு. அதற்கு மேடை கிடைப்பதில்தான் சாதி இருக்கிறது.

இன்னொன்று. அந்த மூன்று பேருக்கும் சின்ன விமானம் முதல் படி. அதில் மணிக்கணக்கைச் சேர்த்துத்தான் பெரிய விமானத்துக்குப் போனார்கள். அந்த முதல் படியில் கால் வைக்கவே, உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் காசு. மொத்தத்தில் பல லட்சம். நம் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைப் பட்டியலில் விமானி உரிமப் படிப்பும் இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மாணவத் தோழர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டியலில் இருப்பது ஒன்று, கைக்கு வருவது ஒன்று என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெண்களால் முடியுமா என்று கேட்ட நாட்டில்தான் 1985ல் பெண்கள் மட்டுமே சேர்ந்து ஒரு ஃபாக்கர் விமானத்தைக் கல்கத்தாவிலிருந்து சில்ச்சருக்கு ஓட்டிப் போனார்கள். அதுவும் காற்றாடி விமானம்தான்.

சின்ன விமானங்களின் காலம் முடிந்துவிட்டதாக நான் நினைத்திருந்தேன். முடியவில்லை. 2022 ஏப்ரல் 12ல், கான்பூரில் செய்த அதே டோர்னியர், 17 ஸீட்டோடு, அசாமின் திப்ருகரிலிருந்து அருணாசலத்தின் பாசிகாட்டுக்குப் பயணிகளை ஏற்றிப் பறந்தது. எங்கள் மலைக்கு அந்தப் பக்கம், வண்டிப்பெரியாறுக்கு அருகே சத்திரம் என்ற இடத்தில் என்.சி.சி. மாணவர்களுக்கென்று ஒரு சின்ன ஓடுபாதை போட்டிருக்கிறார்கள். 2022 டிசம்பரில் இரண்டு பேர் மட்டும் உட்காருகிற ஒரு குட்டி விமானம் அதில் வந்து இறங்கியது. அம்மா ஜீப்பில் அடைந்து போன அதே மலை. அக்கா மகள் அந்தப் படத்தைக் காட்டி, "மாமா, மேல ஏறிட்டா நம்ம பள்ளத்தாக்கு முழுசும் தெரியும்ல?" என்றாள். தெரியும் என்றேன். மேலே இருந்து பார்த்தால் ஊர் எது, காலனி எது என்று பிரிகிற கோடும் தெரியும். அதைச் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும்.

போன வருஷம் மதுரையிலிருந்து சென்னைக்கு முதல் தடவையாக விமானத்தில் போனேன். காற்றாடி விமானம்தான், டோர்னியரை விடப் பெரியது. ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே பார்த்தேன். இரண்டு பையன்கள் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் காதிலும் மூடி இருந்தது. அவர்களுக்கு அது எப்படிக் கிடைத்தது, யார் கேட்டு வாங்கினார்கள் என்று தெரியவில்லை. தானாக வந்திருக்காது. பக்கத்து ஸீட்டுக்காரர், "என்ன சார் அப்படிப் பாக்குறீங்க?" என்றார். "சரியா ஏத்துறாங்க" என்றேன்.

தோழர்களே, கேப்டன்கள் புத்தகம் எழுதுகிறார்கள். எழுதட்டும். அணை கட்டியவனைப் பற்றிப் புத்தகம் இருக்கிறது, கல் சுமந்தவனைப் பற்றி இல்லை. ஆஸ்பத்திரியைப் பற்றி டாக்டர் எழுதுவார், பிணவறையில் நின்றவன் எழுத மாட்டான். நம் வீடுகளில் ரயிலடியில், துறைமுகத்தில், மில்லில், தோட்டத்தில் முப்பது வருஷம் நின்ற அப்பனும் ஆத்தாளும் உட்கார்ந்திருக்கிறார்கள். பட்ட அவமானத்தை மட்டும் கேட்காதீர்கள். அந்த வேலையில் உங்களுக்கு எது கைவந்தது, எதை நினைத்தால் இப்பவும் சந்தோஷமாக இருக்கிறது என்றும் கேளுங்கள். தேதியோடு எழுதி வையுங்கள். அந்த லாக் புக்கை நமக்காக வேறு யாரும் எழுதப் போவதில்லை.

இதை எழுதி முடித்து அக்கா மகளிடம் படிக்கக் கொடுத்தேன். கடைசி வரைக்கும் படித்துவிட்டு, "எல்லாம் சரி மாமா. எந்தக் காதுன்னு எழுதலையே" என்றாள்.

இடது காது.